தாய்மாமனுக்கு விட்ட இடம்

எழில்மொழிக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி விம்கோ நகரில் பரவிய முதல் வாரத்திலேயே அவளுக்குக் கை நிறைய வேலை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். ஒரு ஆட்டோக்காரர் பின்கண்ணாடிக்கு ஒரு சிங்கம் கேட்டார். சிங்கத்துக்குத் தன் மகனின் முகச்சாயல் இருந்தால் இன்னும் நல்லது என்றார். வரைந்து முடித்தபோது அது பையனைப் போலவும் இல்லை, சிங்கத்தைப் போலவும் இல்லை. படிக்கிற பெண்தானே, போகப் போக வரும் என்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

கல்லூரியிலோ ஒரு மாதமாக அவளை எதையும் வரையவே விடவில்லை. வரைகலைத் தொடர்பு என்று கால அட்டவணையில் போட்டிருந்த வகுப்பை எடுத்தவர் டெபோரா மேடம். எழில்மொழியைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். தோள்பையில் எப்போதும் ஒரு ஸ்கேலைச் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். முதல் வாரம் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஒரே ஒரு புள்ளி வைங்க. எங்க வெச்சா பார்க்கிறவங்க கண்ணு அதை விட்டு நகராதோ அங்க வைங்க" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அன்று மாலை எழில்மொழி வீட்டுத் தரையில் தாளை விரித்து, கறுப்புக் காகிதத்தில் வெட்டிய புள்ளியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். கன்டெய்னர் யார்டில் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த அவள் அப்பா லட்சுமணன் கைலிக்கு மாறினார், டீ குடித்தார், செய்தி பார்த்தார், திரும்பி வந்தும் பார்த்தார். புள்ளி இன்னும் முடிவாகவில்லை.

"ஒரு புள்ளி வெக்க ரெண்டு மணி நேரமா? உங்கம்மா கோலத்துக்கு நாப்பது புள்ளி நாலு நிமிஷத்துல வெக்கிறா. அவளுக்கு இன்னா, காலேஜி பட்டமா குடுத்தாங்க?"

"அது வேற நைனா. இது தனியா நிக்கணும்."

"நிக்கட்டும், நிக்கட்டும். நம்ம வூட்ல எதுதான் ஒயுங்கா நின்னுகீது?"

இரண்டாவது பாடம் இன்னும் விசித்திரம். எதை வரைந்தாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மங்கலான பிறகும் எது தெரிகிறதோ அதுதான் நீ உலகத்துக்குச் சொன்னது, மற்றதெல்லாம் நீ சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பது என்றார் மேடம். எழில்மொழிக்கு இது பிடித்துப்போயிற்று. பேருந்தில், கடைத்தெருவில், போகிற இடமெல்லாம் போர்டுகளைப் பார்த்துக் கண்ணை இடுக்கிக்கொண்டே திரிந்தாள். இரக்கப்பட்ட கண்டக்டர் ஒருவர் கண் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் இவளைக் கேட்காமலே விசில் ஊதினார்.

இப்படிப் படிப்பு போய்க்கொண்டிருக்கும்போதுதான் அக்கா மலர்க்கொடியின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை குமாரவேல், மணலிக்காரர். இரண்டு பக்கமும் மனதுக்குப் பிடித்த சம்பந்தம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. பெண்ணுக்கு முதல் மாலை போட வேண்டிய தாய்மாமன் வரமாட்டேன் என்றார்.

தாய்மாமன் டில்லிபாபு, அம்மா வரலட்சுமியின் ஒரே அண்ணன். மூலக்கொத்தளத்தில் வீடு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற முகம், முகத்துக்கேற்ற மீசை. தங்கை பெண்கள் இரண்டு பேரையும் தோளில் உட்காரவைத்தே வளர்த்தவர். அந்த மனிதர் இந்த வீட்டு வாசலை மிதித்து ஐந்து வருடமாகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், அதனால்தான் யாரும் அந்த வீட்டில் கேட்பதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் எழில்மொழிக்கு மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டடிக்கு எட்டடி பேனர். நடுவில் எழில்மொழி, அவளுக்குப் பக்கத்திலேயே, அவளைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்ட டில்லிபாபு. கடற்கரை ஓரத்து ஊரில் பேனர் கட்டினால் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் துணியில் அங்கங்கே பிறை வடிவத்தில் அறுத்துவிடுவார்கள், காற்று அதன் வழியாகப் போய்க்கொள்ளும். அன்றைக்கு அறுத்தவர் லட்சுமணன். ஏணி பேனருக்குப் பின்பக்கம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். நாலு இடத்தில் பிளேடு போட்டார், நாலில் ஒன்று சரியாக டில்லிபாபுவின் கழுத்தில் விழுந்தது.

கடற்காற்று வேலையைத் தொடங்கியது. காற்று அடிக்கும்போதெல்லாம் மாமாவின் தலை கழுத்தோடு கழன்று மேலே எழும்பும், காற்று நின்றால் திரும்ப வந்து உட்காரும். டிரெய்லர் ஓட்டும் தோஸ்துகள் அதை வீடியோ எடுத்து, கானா பாட்டுச் சேர்த்து, சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அப்போதும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் போயிருக்கும். லட்சுமணன் கேட்டாரா? "நான் இன்னா பண்ணட்டும், அவ்ளோ பெரிய மூஞ்சிக்கு எங்க அறுத்தாலும் அது மேலதான் வுயும்" என்றார், பந்தி நடுவில், எல்லார் காதிலும் விழும்படி. டில்லிபாபு இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

இப்போது தாம்பூலத் தட்டோடு வரலட்சுமி அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். அண்ணி வாசலிலேயே நின்று, அவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார் என்றாள். அவருடைய பதினொன்றாம் நம்பர் செருப்பு வாசலில் கிடந்தது. வரலட்சுமி வீட்டுக்கு வந்து தட்டை வைத்துவிட்டு அழுதாள். மலர்க்கொடி அழவில்லை, ஆனால் அன்றிலிருந்து கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எழில்மொழிக்கு இரண்டையும் பார்க்கச் சகிக்கவில்லை. தன் விழாவில் நடந்த கோணல் அக்காவின் மாலையில் வந்து முட்டுகிறதே என்று மனதுக்குள் குமைந்தாள்.

"நீ இன்னாத்தையோ பட்ச்சிகினு கீறியே" என்றாள் அம்மா. "கல்யாண பேனர நீயே போடு. எங்கண்ணன் பாத்தவொடனே வர மாரி போடு."

"அவன் மூஞ்சிய பெருசா போட்டீங்கன்னா நான் மண்டபத்துக்கே வர மாட்டேன்" என்றார் அப்பா, செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சின்னதா போட்டா அவரு வர மாட்டாரு" என்றாள் அம்மா.

இதற்கிடையில் எழில்மொழியின் போனுக்குப் புகைப்படங்கள் வந்து குவியத் தொடங்கின. மொத்தம் ஐம்பத்து மூன்று முகங்கள். கூடவே நிபந்தனைகள். பெரியப்பாவின் முகம் சித்தப்பாவுடையதைவிட ஒரு சுற்றாவது பெரிதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர்கள் எட்டுப் பேரும் ஒரே வரிசையில், ஒரே அளவில் வேண்டும், ஒருத்தன் தலை உயர்ந்தாலும் நட்பு முறிந்துவிடும். எது பெரிதோ அது முக்கியம் என்று டெபோரா மேடம் அரை நாள் படம் போட்டு விளக்கியதை விம்கோ நகரில் எல்லாரும் பிறந்ததிலிருந்தே தெரிந்து வைத்திருந்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்ப்பார்கள்.

அந்த வாரம் கல்லூரியில் வீட்டுப்பாடமும் அதுவாகவே அமைந்தது. பொது இடத்தில் ஒன்றை மாட்ட வேண்டும், எதிரில் உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று எழுதிவர வேண்டும். எழில்மொழி கல்யாண பேனரையே எடுத்துக்கொண்டாள். தீப்பெட்டி அளவில் இருபது மாதிரிகள் வரைந்தாள். இருபதையும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இருபதும் புளிக்கரைசலாகத் தெரிந்தன. டெபோரா மேடமிடம் கொண்டுபோய்க் காட்டி, கழுத்து அறுந்த கதையையும் சொன்னாள். மேடம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்து ஒன்றுதான் கேட்டார்.

"இந்த பேனர் ஊருக்கா, ஒருத்தருக்கா?"

எழில்மொழி வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா முகம் பெரிதாகவும் இருக்கக் கூடாது, சிறிதாகவும் இருக்கக் கூடாது. இல்லாமலும் இருக்கக் கூடாது. ஐம்பத்து மூன்று முகம் அடைத்த நெரிசலில் கண் எங்கே போய் நிற்கும்? நெரிசல் இல்லாத இடத்தில்தான் நிற்கும். ஒற்றைப் புள்ளியோடு இரண்டு மணி நேரம் போராடியவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. எல்லா முகங்களையும் இடது பக்கமும் கீழேயும் நெருக்கித் தள்ளினாள். மணமக்களுக்கு வலப்புறம், அவர்களுக்கு இணையான அளவில், தங்க நிறத்தில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. கீழே ஒரே வார்த்தை: தாய்மாமன்.

அப்பாவால் எதிர்க்க முடியவில்லை, அதில்தான் முகமே இல்லையே. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மங்களகரமான காரியத்துல ஓட்டையா வுடுவாங்க?"

"ஓட்டையில்லம்மா. அவருக்கு எடம்."

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பேனர் அடிக்கும் காஜா மொய்தீனுக்கு அது இன்னும் பெரிய சோதனை. இருபது வருடத் தொழிலில் அவர் ஒரு கையகலம்கூடக் காலியாக விட்டு அச்சடித்ததில்லை. "இன்னாம்மா, போட்டோ ஏறலயா? பைலு போச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "சும்மா கீற எடத்துல ரெண்டு அன்னப்பறவையாச்சும் போட்டு வுடட்டா? ஃப்ரீயாதான். ஒரு ரோசாப்பூ? இல்லன்னா எங்க கடை போன் நம்பராச்சும்?" கடைசிக் கோரிக்கைக்கு மட்டும் எழில்மொழி இறங்கிவந்தாள், அதுவும் அடியோரத்தில் பொடி எழுத்தில். பேனர் இயந்திரத்திலிருந்து முழுக்க வெளியே வரும்வரை அங்கேயே நின்று காவல் காத்தாள். இல்லையென்றால் அன்னப்பறவை ஏறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்துக் காம்பவுண்டுக்குள், எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்தபடி பேனர் ஏறியது. இந்த முறை காற்றுக்கு அறுத்தவள் எழில்மொழி, முன்பக்கம் நின்று. அறுத்துவிட்டு எதிர் டீக்கடை பெஞ்சில் நோட்டோடு போய் உட்கார்ந்தாள்.

டெபோரா மேடம் ஒரு போஸ்டருக்கு மூன்று வினாடிதான் ஆயுள் என்பார். பார்க்கிறவன் அதற்குள் கடந்து போய்விடுவானாம். பாவம், அவருக்கு இந்தச் சாலையைத் தெரியாது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எறும்பு வரிசையாக நின்றிருந்தன. ஒரு வண்டி ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கும். டிரைவர்கள் போனைப் பார்த்து முடித்து, பல்லைக் குத்தி முடித்து, வேறு வழியில்லாமல் பேனரைப் பார்த்தார்கள். எழில்மொழி எழுதிக்கொண்டாள்: பார்த்தவர் முப்பத்தொன்று. முதலில் வட்டத்தைப் பார்த்தவர் முப்பது. ஒருவர் மணப்பெண்ணைப் பார்த்தார், அவர் குமாரவேலின் நண்பர்.

கேள்விகளும் வந்தன. போட்டோ உதிர்ந்துடிச்சா? மாமன் வெளிநாட்ல கீறாரா? ஒருவர் இறங்கி வந்து கேட்டைத் தட்டி, "போட்டோக்கு காசு பத்தலயா நைனா?" என்று லட்சுமணனிடமே விசாரித்தார். லட்சுமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானத்துக்குள் அந்தப் படம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கீழே எழுதினார்: தாய்மாமனுக்கு ஆள் தேவை, தகுதியுள்ளவர்கள் அணுகவும்.

அவர் விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வீட்டில் மாலை போட ஆளில்லை என்றால் மனசு கேட்காது. பேனரின் அடியோரத்தில் இருந்தது ஒரே ஒரு நம்பர். காஜா மொய்தீனின் போன் அடிக்கத் தொடங்கியது. சனிக்கிழமை காலைக்குள் பதினேழு பேர். "எனக்குத் தங்கச்சியே கிடையாது பாய், நான் போய் நிக்கிறேன்" என்றார் ஒருத்தர். எர்ணாவூர்க்காரர் ஒருவர் மாலை வாங்கியே விட்டாராம், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். காஜா மொய்தீன் பெயர்களை வரிசையாக எழுதி எழில்மொழிக்கு அனுப்பி, "எவ்ளோ நல்ல மனுசங்க பாரும்மா. அன்னப்பறவ போட்டிருந்தா இவ்ளோ பேரு வந்திருப்பாங்களா?" என்று தட்டி அனுப்பினார்.

எழில்மொழிக்குப் பயம் வந்துவிட்டது. வர வேண்டிய ஒருவரைத் தவிர எல்லாரும் வருகிறார்களே. வீட்டு விவகாரத்தைச் சந்தியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டோமே, இனி மாமா ஜென்மத்துக்கும் பேசமாட்டார் என்று நினைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தாள்.

சனிக்கிழமை மாலை நாலு மணி. வரவேற்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலையோடு வந்த எர்ணாவூர்க்காரரும், சலவைச் சட்டை போட்ட இன்னும் இரண்டு டிரைவர்களும் கேட்டுக்குப் பக்கத்தில் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த நாற்பதடி டிரெய்லர் ஒன்று, கன்டெய்னரோடு, மண்டபத்துக்கு நேராக வந்து சடாரென்று நின்றது. கதவு திறந்தது. காக்கிச் சட்டையும் கைலியுமாக டில்லிபாபு குதித்தார். குழுவில் வந்த படத்தை ஸ்ரீபெரும்புதூரில் லோடு ஏற்றும்போது பார்த்தவர், அங்கிருந்து வழி நெடுக மீசை துடிக்க வந்திருக்கிறார்.

"எவன்டா அவன்? எந்தங்கச்சி பொண்ணுக்கு மாலை போட வந்தவன் எவன்டா?"

எர்ணாவூர்க்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"யாரு இந்த வேலைய பண்ணது?" என்று பேனரைக் காட்டிக் கத்தினார் மாமா.

எழில்மொழி முன்னால் வந்தாள். "நான்தான் மாமா."

"ஐம்பது மூஞ்சிய போட தெரிஞ்சிச்சி, எம்மூஞ்சிக்கு மட்டும் எடமில்லயா?"

"எடம் உங்குளுது மட்டும்தான் மாமா. அதுல வேற யாரையும் போட முடியாது. நானும் எவ்ளோவோ போட்டு பாத்தேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க வரலன்னா அது அப்டியேதான் கெடக்கும்."

டில்லிபாபு பேனரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து லட்சுமணன் உள்ளேயிருந்து வந்தார். ஐந்து வருடம் கழித்து மச்சான்கள் இரண்டு பேரும் நாலடி தூரத்தில் நின்றார்கள். வரலட்சுமி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். லட்சுமணனின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. போர்க்லிஃப்டில் பத்து டன்னைத் தூக்குகிற மனிதருக்கு ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை.

வெளியே ஹாரன் கிளம்பியது. டில்லிபாபுவின் வண்டி பாதைக்குக் குறுக்கே நிற்க, பின்னால் நாற்பது டிரெய்லர்கள் ஒன்றாக அலறின. லட்சுமணன் சட்டென்று திரும்பி கேட்டைப் பார்த்து நடந்தார்.

"பாத்தியா வரலட்சுமி? மூஞ்ச திருப்பிகினு போறான் பாரு" என்றார் டில்லிபாபு. குரலில் கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ இருந்தது. "நான் கெளம்புறேன்."

அவர் கேட்டுவரை போய்விட்டார். அங்கேயே நின்றுவிட்டார். சாலையின் நடுவில், முதல் டிரெய்லரின் பம்பருக்கு முன்னால், பட்டு வேட்டியில் லட்சுமணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஹாரனுக்கு மேல் அவர் குரல் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கய்யா! எம்பொண்ணுக்கு தாய்மாமன் வந்துகீறாரு! எம் மச்சான்! மால போடாம அனுப்ப மாட்டேன், எத்தினி மணி நேரம் ஆனாலும் சரி, ஏத்துறதுன்னா எம்மேல ஏத்திகினு போங்க!"

முதல் டிரைவர் ஹாரனை நிறுத்தினார். பிறகு அடுத்தவர். டில்லிபாபு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசை கோணிக்கொண்டு போயிற்று. எர்ணாவூர்க்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, மாலையை அவர் கையில் திணித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"பேஜாரு புட்ச்ச ஆளு" என்றார் டில்லிபாபு, தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க மலரு? சீக்கிரம் கூப்டு, மாமன் வண்டிய நட்டாத்துல வுட்டுட்டு வந்துகீறேன்னு சொல்லு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மலர்க்கொடி பாதி ஜடை பின்னிய தலையோடு படியில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.